கதவில் பதில் என்று எழுதியிருந்தது

ஒரு பணிப்பாளர் நாயகம் இராஜினாமா செய்தால் அலுவலகத்தில் முதலில் என்ன நடக்கும் தெரியுமா? எல்லாருக்கும் தண்ணீர் விடாய் வந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன். ஒருவர் மாறி ஒருவர் தண்ணீர் குடிக்க எழும்பிப் போவார்கள். போகிற வழியில் பெரியவரின் அறைக் கதவை ஒரு பார்வை பார்ப்பார்கள், திரும்பி வந்து பக்கத்து மேசையில் குனிந்து குசுகுசுப்பார்கள். வாசலில் தொலைக்காட்சிக்காரர்கள் நிற்பார்கள். உயர் அதிகாரிகளுக்கெல்லாம் திடீரென்று வேறு கட்டிடத்தில் கூட்டம் வந்துவிடும். தொலைபேசிகள் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஒரு கை இருக்காது.

அப்படி ஒரு நாளில்தான் நடைபாதையின் கடைசி அறையிலிருந்து அவர் எழுந்து வந்தார். அவர் எங்கள் மேலதிகப் பணிப்பாளர். பெரியவருக்கு அடுத்த ஆள். ஆள் கட்டை, நடை கெதி. ஒரு கையில் அவருடைய தேநீர்க் கோப்பை, மறு கையில் அவருடைய கதிரைக் குஷன்.

"திறப்பு ஆரிட்டை இருக்கு?" என்று கேட்டார்.

"என்கிட்டத்தான் மிஸ். ஆனா அமைச்சுலருந்து இன்னும் கடிதம் வரல்லையே."

"செயலாளர் போனில சொல்லிப்போட்டார். கடிதம் பின்னேரம் வரும். வெளியில நிக்கிற சனம் பின்னேரம் வரைக்கும் நிக்குமோ? திறவும் பிள்ளை."

திறந்துவிட்டேன். உள்ளே போனவர் முதலில் குளிரூட்டியை நிறுத்தச் சொன்னார், பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அந்த ஜன்னல் திறக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு பெரிய கதிரையில் குஷனைப் போட்டு, பக்கத்தில் இருந்த பிடியை இழுத்துக் கதிரையைத் தன் உயரத்துக்கு ஏற்றி, நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டார். மற்ற அலுவலகங்களில் தற்காலிகமாகப் பதில் கடமைக்கு வருகிறவர்கள் பெரிய கதிரையில் இருக்கக் கூசுவார்கள். பக்கத்தில் சின்னக் கதிரை ஒன்றைப் போட்டு நுனியில் இருப்பார்கள். இவரிடம் கூச்சம் என்ற சாமானே கிடையாது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கொஞ்ச நாளைக்குத்தானே மிஸ்?" என்று கேட்டுவிட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு எண்டால் நீர் சாப்பிடாமல் இருப்பீரோ?" என்றார். "முதல் ஆளை உள்ளுக்கு விடும்."

நான் அந்த அறைக்கு வெளியே மேசை போட்டு இருந்தவள். முகாமைத்துவ உதவியாளர் என்று பதவிப் பெயர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் பக்கத்து ஆட்களைப்போல மனதில் வருவதைச் சொல்லிவிடுகிறவள். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் காலம் முழுக்க இருந்தவர். பேர் சொல்லமாட்டேன். சொன்னால் கனடாவிலிருந்து அழைப்பெடுத்து ஏசுவார். திணைக்களத்தின் பேரும் வேண்டாம். குடியிருக்க இடமில்லாத சனத்துக்கு வீடு ஒதுக்குகிற ஒரு திணைக்களம், அவ்வளவு போதும்.

நான் அங்கே இருந்த காலத்தில் மூன்று பெரியவர்கள் இடையில் எழும்பிப் போனார்கள். முதல் ஆள் வாகன விஷயத்தில் போனார். இரண்டாவது ஆள் டெண்டர் விஷயத்தில். மூன்றாவது ஆளின் கதையைப் பிறகு சொல்கிறேன், அதுதான் பெரிய கதை. மூன்று பேரின் இராஜினாமாவிலும் ஒரே காரணம்தான் இருந்தது: சொந்தக் காரணம். மூன்றாவது ஆளுக்கு அது சரியாகத்தான் பொருந்தியது, சொந்தக்காரர்தானே காரணம்! மூன்று தரமும் அமைச்சிலிருந்து இவரைத்தான் கூப்பிட்டார்கள். அடுத்த ஆள் கிடைக்கும்வரை பதில் பணிப்பாளர் நாயகம்.

இந்தப் பதில் என்ற சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது.

முதல் தரம் அவர் அந்த அறைக்குள் போனபோது கதவில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வரியில் பதவிப் பெயர். தற்காலிக ஆள் வந்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு காகிதத் துண்டு ஒட்டவேண்டும்: சிங்களத்தில் "வெடபலன", தமிழில் "பதில்", ஆங்கிலத்தில் "அக்டிங்". நான் கணினியில் அடித்துக் கொடுத்தேன். தமிழைக் கொஞ்சம் பெரிதாகவே அடித்தேன், நம்முடைய எழுத்து ஏன் சின்னதாக இருக்கவேண்டும்? ஒட்டியது எங்கள் அலுவலக உதவியாளர், நாங்கள் அய்யே என்று கூப்பிடுகிறவர். தங்கமான சிங்கள மனுசன், தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. மற்ற இரண்டையும் சரியாக முன்னால் ஒட்டிவிட்டார். தமிழ்த் துண்டைத் தமிழ் வரிக்கு மேலேயே, அது முழுவதும் மறைகிற மாதிரி அமர்த்தி ஒட்டி, "ஹரி நேத மிஸ்?" என்று, சரிதானே என்கிற மாதிரிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தொலைபேசி அடித்த அடியில் நான் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆக, தமிழ் வாசிக்கிற ஆளுக்கு அந்தக் கதவில் ஒரே ஒரு சொல்தான் தெரிந்தது. பதில்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எங்கள் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போட்ட எல்லார் கையிலும் ஒரு கடிதம் இருக்கும். அதன் கடைசி வரி, "பதில் விரைவில் அறியத்தரப்படும்." அந்த வரியை நம்பி வருடக்கணக்காக வந்து போகிற சனம். அவர்களுக்கு முன்னால் பதில் என்று எழுதிய கதவு ஒன்று வந்தால் என்ன செய்வார்கள்? அடுத்த நாள் காலையில் நான் வரும்போது கதவடியில் ஒரு வரிசை நிற்கிறது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல், தாங்களே ஒழுங்காக நிற்கிறார்கள்.

முதலில் நின்றவர் மட்டக்குளியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். ஐம்பது வயதிருக்கும். நான் மறிக்க முதல் உள்ளே போய்விட்டார். பின்னால் ஓடினேன்.

"என்ன விஷயம்?" என்று இவர் கேட்டார்.

"பதில் எடுக்க வந்தன் மிஸ். கதவுல போட்டீக்கி தானே."

இவர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் அந்தப் பெண்ணை இருக்கச் சொல்லிவிட்டு, விண்ணப்பக் கோப்பை எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். கொண்டுவந்து கொடுத்ததும் முழுவதும் வாசித்தார்.

"இல்லை," என்றார். "உங்களுக்கு இந்தத் திட்டத்தில வீடு கிடையாது. உங்கட பேரில வேற ஒரு காணி இருக்கு. அப்பிடி இருந்தால் குடுக்க ஏலாது. அப்பீல் பண்ணினாலும் கிடைக்காது. இதுதான் பதில்."

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாருடைய முகத்துக்கு நேரேயும் இல்லை என்று சொன்னதில்லை. பார்ப்பம், அதையே சிங்களத்தில் பலமு, மேலிடத்துக்குப் போயிருக்கு, அடுத்த மாதம் வாங்க. இவைதான் எங்கள் பாஷை. அந்தப் பெண் அழப்போகிறார், சத்தம் போடப்போகிறார், வெளியே தொலைக்காட்சிக்காரர் வேறு நிற்கிறார்கள் என்று நான் பயந்துபோய் நிற்கிறேன்.

அந்தப் பெண் கையிலிருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி மிஸ்," என்றார் பிறகு. "இதச் செல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சே இவ்வளவு காலமும். முந்தியே செல்லீந்தா நான் மகள்ட வீட்டுக்கு மேல ஒரு ரூம் போட்டீப்பன். எல்லாரும் பாப்பம் பாப்பம்டுதானே செல்லினாங்க." போகும்போது நன்றி சொன்னார். இல்லை என்ற சொல்லுக்கு ஒருவர் நன்றி சொன்னதை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன்.

அவர் போனதும் கதவுக் கதையைச் சொன்னேன். இவர் எழும்பி வந்து கதவைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு! கோப்பையில் இருந்த தேநீர் சேலையில் ஊற்றிவிட்டது.

"கழட்டி ஒழுங்கா ஒட்டச் சொல்லட்டா மிஸ்?"

"தொடாதேயும். இங்கிலீஷ் என்னை நடிக்கச் சொல்லுது. சிங்களம் வேலையைப் பார் எண்டுது. தமிழ்தான் பதில் சொல்லு எண்டுது. நான் தமிழ்ப் பிள்ளை, என்ன செய்யிறது?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். விளையாட்டில்லை. அன்றிலிருந்து காலை நேரம் முழுக்க அந்தக் கதவு சனத்துக்குத்தான். தமிழ்ச் சனத்தைப் பார்த்துச் சிங்களச் சனமும் வரிசையில் நின்றார்கள். ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. தெரியாதென்றால், "எனக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமை வாங்கோ, சொல்லுறன்" என்பார். வெள்ளிக்கிழமை சொல்வார்.

எங்களுக்குத்தான் கஷ்டம். கூட்டத்தில் ஓர் அதிகாரி வாய் தவறி "பலமு மேடம்" என்று சொல்லிவிட்டால் போதும், உடனே பேனாவை எடுப்பார். "எத்தினை மணிக்குப் பார்ப்பீங்கள்?" என்று சிங்களத்தில் கேட்பார். அந்த ஆள் முழிப்பார். "பகல் சாப்பாட்டுக்கு முதலோ, பிறகோ?" விடமாட்டார். ஒரு தரம் நான் லீவு கேட்டேன், தங்கச்சியின் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு. மற்றவர்கள் என்றால் பார்ப்பம் என்பார்கள், நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடுவேன். இவர், "இல்லை, அண்டைக்குக் கணக்காய்வு" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபம்! ஆனால் முகத்துக்கு நேரே சொன்ன ஆளை எவ்வளவு நேரம் கோபிக்கலாம்?

சும்மா சொல்லக்கூடாது, ஆள் ஒன்றும் துறவியில்லை. பதவி அவருக்குப் பிடிக்கும். காவலாளி சல்யூட் அடித்தால் தலையை ஒரு மாதிரிச் சரித்து ஏற்றுக்கொள்வார். வழக்கமாக வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் வருகிறவர். பதில் கடமைக் காலத்தில் அரசாங்க வாகனம் வரும். அதில் பின்சீட்டில் நிமிர்ந்து இருந்து, காலி வீதியில் தெரிந்த முகம் ஏதும் போகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். சாரதி சொல்லிச் சிரிப்பான், பம்பலப்பிட்டியில் ஒரு பழைய பள்ளிக்கூடச் சிநேகிதியைக் கண்டதும் கண்ணாடியை இறக்கச் சொல்லி, "என்னடி, எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத்தான் போகவிட்டாராம்.

புதிய ஆள் நியமனமானதும் கதவுத் துண்டைக் கிழிப்போம். இவர் குஷனை எடுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போவார். புதிதாக வருகிறவர்களும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் கதவு திறந்திருக்கும். பிறகு சாத்தும். பிறகு முதல் பலமு வரும். "அவரில பிழை இல்லை," என்பார் இவர். "இந்தக் கதிரையில கனகாலம் இருக்கவேணும் எண்டு நினைக்கத் தொடங்கினால் வாய் தன்ரபாட்டில அடைச்சுப் போகுது."

ஏன் இவரை நிரந்தரமாகப் போடவில்லை? சேவை மூப்பு இருந்தது, படிப்பு இருந்தது. இரண்டு தரம் பின்னால் நின்றவர்கள் முந்திக்கொண்டு போனார்கள். நான் கொதித்துப்போய்க் கேட்டேன். "தமிழ் எண்டதாலயும் இருக்கலாம், பொம்பிளை எண்டதாலயும் இருக்கலாம், என்ர வாயாலயும் இருக்கலாம்," என்றார். "முதல் ரெண்டையும் மாத்த ஏலாது. மூண்டாவதை மாத்த விருப்பமில்லை."

இனி மூன்றாவது ஆளின் கதை.

மட்டக்குளியில் ஒரு புதிய தொடர்மாடி கட்டி முடிந்திருந்தது. கால்வாய்க் கரையில் பலகை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு என்று சொல்லிக் கட்டியது. அந்தப் பலகை வீடுகளை முதலே உடைத்தாயிற்று. சனம் அங்கே இங்கே வாடகை அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். திறப்புக் கொடுக்கிற நேரம் பார்த்தால், வீடுகளில் பாதிக்கு வேறு பெயர்கள். பெரியவரின் மைத்துனன், மைத்துனனின் சிநேகிதன், அமைச்சில் மேலிடத்துக்கு வேண்டியவர்கள். ஒருவருக்கும் கால்வாய் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. செய்தி வெடித்தது. பெரியவர் போனார். அதே வாரம் அமைச்சின் செயலாளரும் போனார். அங்கேயும் ஒரு பதில் செயலாளரைப் போட்டார்கள். மேலேயும் பதில், கீழேயும் பதில். நாட்டில் நிரந்தரமாக இருந்தது நாங்கள் கிளாக்மார் மட்டும்தான்.

இவருக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. இந்தத் தரம் விட்டால் இனி இல்லை.

ஒரு பின்னேரம் அந்தப் பதில் செயலாளர் தொலைபேசியில் வந்தார். இணைப்புக் கொடுத்துவிட்டுக் கோப்புகளோடு உள்ளே போனேன். இவர் எந்த அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார், யார் நின்றாலும் கவலையில்லை. அந்த மனுசன் சிங்களத்தில் தேன் ஒழுகக் கதைத்தார். மேடத்தின் பெயரைத்தான் அமைச்சரவைக்கு அனுப்பியிருக்கிறாராம். நிரந்தரமாக. இந்தத் தரம் மறுபேச்சே இல்லையாம். "நாளைக்கு மட்டக்குளியில் சனத்தைச் சந்திக்கப் போகிறீர்கள்தானே? அங்கே மட்டும் ஒன்றையும் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். விசாரணை நடக்கிறது, பலமு என்று சொல்லிவிட்டு வாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்."

ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் பதவி. மற்றவர்கள் வீடுகளில் குடியேறிவிடுவார்கள், விசாரணை இழுபடும், கால்வாய்க் கரைச் சனம் வாடகை அறைகளிலேயே கிடப்பார்கள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், தொலைபேசியில் இருந்தவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவர் வழக்கமாக உடனே சொல்கிறவர். அன்றைக்கு, "நான் யோசிக்கிறன்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். பிறகு மேசையின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீர் என்ன நினைக்கிறீர்?" என்று என்னைக் கேட்டார். அப்படி அவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"சொல்லிடுங்க மிஸ்," என்றேன். "ஒரு சொல்லுத்தானே. பெரியவரா வந்த பிறகு எல்லாத்தையும் வெட்டிப் போடலாம். யாரு கேக்கிறது?" இன்றைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். நான் அவரைப்போல ஆளில்லை, எனக்கு அவர் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்று இருந்தது.

"இப்பிடித்தான் முந்தி இருந்த அவையளும் தொடங்கியிருப்பினம்," என்றார். பிறகு, "எனக்கு ஆசை இல்லை எண்டு நினையாதேயும் பிள்ளை. நல்ல ஆசை. காலமை எழும்பேக்கயே அந்த நினைப்புத்தான். ஒரு நாளைக்கெண்டாலும் பேருக்குக் கீழ பதில் எண்ட சொல் இல்லாமல் கையெழுத்து வைக்கவேணும். அது காணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுசி நாளைக்குப் பலமு என்று சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்லட்டும், ஆண்டவரே சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் தொடர்மாடியின் கீழ்த்தளத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. வேர்த்துக் கொட்டுகிற வெக்கை. எங்களோடு சட்ட அலுவலர், அமைதியான சிங்களப் பெண், ஒரு காட்போட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சனத்துக்குக் கொடுக்கச் சிற்றுண்டி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

இவர் வாய் திறக்க முதலே முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழும்பிவிட்டாள். "மிஸ், பெரிய பேச்செல்லாம் வேணாம். எங்களுக்கு வீடு இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

மண்டபம் அடங்கிவிட்டது. இவர் எழும்பினார். கொச்சிக்கடை அந்தோனியாரே, இந்த மனுசியின் வாயில் இந்த ஒரு தரம் மட்டும் பார்ப்பம் என்ற சொல்லைக் கொண்டுவந்து வை என்று நான் கண்ணை மூடிக்கொண்டு மன்றாடினேன்.

"இருக்கு," என்றார்.

பிறகு சிங்களச் சனம் இருந்த பக்கம் திரும்பி, "தியெனவா," என்றார்.

"உங்கட வீடுகள் வேற ஆக்களுக்குக் குடுபட்டது. அது பிழை. எங்கட திணைக்களத்தின்ர பிழை. அந்த ஒதுக்கீடு எல்லாத்தையும் இண்டைக்குக் காலமை ரத்துச் செய்து கையெழுத்து வைச்சுப்போட்டுத்தான் வந்தனான். திறப்பும் கொண்டுவந்திருக்கிறன்." அதையே சிங்களத்திலும் சொன்னார்.

சட்ட அலுவலர் பெட்டியைத் திறந்தார். சிற்றுண்டி இல்லை, திறப்புக் கோர்வைகள். நான் அந்தோனியாரைப் பார்க்கவா, இவரைப் பார்க்கவா? காலையில் எனக்குத் தெரியாமல், நான் மறித்துவிடுவேன் என்று பயந்து, இரண்டு பேரும் சேர்ந்து வேலையை முடித்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் கை தட்டவில்லை, அழவும் இல்லை. "எப்ப வரலாம்?" என்று கேட்டாள்.

"இப்ப," என்றார் இவர்.

திரும்பி வருகிற வழியில் வாகனம் ஆமர் வீதி நெரிசலில் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பதில் செயலாளர்தான். தேன் எல்லாம் வற்றிப்போயிருந்தது. என்ன வேலை செய்தீர்கள் மேடம், உங்களுக்கு என்ன சொன்னேன் நான் என்று கத்தினார்.

"எஹுவா. கிவ்வா," என்றார் இவர். கேட்டார்கள். சொன்னேன். அவ்வளவுதான். அழைப்பை வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோட்டைவரை திரும்பவேயில்லை.

எனக்குக் கோபம் என்றால் அப்படிக் கோபம். கனநாள் அவரோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தேன். அவரும் அதைக் கவனித்தார்.

அமைச்சரவைக்கு வேறு பெயர் போனது. வேறொரு திணைக்களத்திலிருந்து ஒருவர் நிரந்தரமாக வந்தார். பண்பான மனுசன். வந்து முதல் வேலையாகச் சட்ட அலுவலரைக் கூப்பிட்டு, மட்டக்குளி விஷயத்தைப் பழையபடி மாற்ற வழியிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார், மேலிடத்தில் விரும்புகிறார்கள் என்று. நான் தேநீர் கொண்டுபோகிற சாட்டில் நின்று கேட்டேன்.

"இல்லை சேர்," என்றார் சட்ட அலுவலர். "பதில் கடமையில் இருந்தாலும் கையெழுத்துக்கு முழு அதிகாரம் உண்டு. இனி நாங்கள் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். போனால் யார் யாருக்கு ஏன் கொடுத்தது என்று கேட்பார்கள்." பெரியவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அந்த நேரம் மட்டக்குளியில் எல்லா வீட்டிலும் சேலைத் திரை தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு வீட்டில் கலியாணமும் முடிந்துவிட்டது.

இவர் கடைசி அறையிலிருந்தே ஓய்வு பெற்றார். கேக் வெட்டினோம். பேசச் சொன்னார்கள், "எல்லாரும் கெதியா வீட்டை போங்கோ, மழை வரப்போகுது," என்று சொல்லி இருந்துவிட்டார்.

கனடாவில் மகளிடம் போக முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வெள்ளவத்தைக்குக் கூப்பிட்டார். சந்தைக்குப் போனோம். மீன்காரனோடு சிங்களத்தில் வாதாடி, பாரை ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"மிஸ், உங்களுக்குக் கவலை இல்லையா?"

"இருக்கு," என்றார். ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "அந்த வேலைக்கு நான்தான் சரியான ஆள். எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். தந்திருக்க வேணும். தரேல்லை. கவலைதான். ராவில நித்திரை முழிச்சால் அதுதான் முதல் நினைப்பு. போகுமெண்டு நான் நினைக்கேல்லை."

இவ்வளவு நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப அந்த ஒரு சொல்லச் சொல்லியிருக்கலாமே மிஸ். கொஞ்சம் பொறுத்திருந்தா நீங்கதானே பணிப்பாளர் நாயகம்."

அவர் மீனைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்தான், எனக்குத் தெரியும் அந்தப் பார்வை.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?" என்றார். "மட்டக்குளியில அந்தப் பிள்ளை எழும்பிக் கேக்கேக்க பணிப்பாளர் நாயகம் வேற ஆர்? நான்தானே."